பார்படோஸ் கடற்கரையில் கலியாணம்: ஒரு தாள் படுத்திய பாடு

ஜனவரியில் கரீபியன் தீவான பார்படோஸில் எங்கள் கலியாணம் நடந்தது. படங்களைப் பார்த்த பிறகு தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் எவ்வளவு முடிந்தது, என்னென்ன பத்திரம் வேண்டும், தாங்களும் செய்யலாமா என்று கேட்கிறார்கள். படங்களில் கடலும் கூறையும் அம்மாவின் சிரிப்பும் இருக்கின்றன. அதற்கு முந்தின இரண்டு இரவும் நான் நித்திரை கொள்ளவில்லை என்பது அவற்றில் தெரியாது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. போக நினைப்பவர்களுக்கு அந்தப் பாடு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு இது இரண்டாவது கலியாணம், மாப்பிள்ளைக்கு முதலாவது. ஸ்காபரோவில் மண்டபம் எடுத்து நானூறு பேருக்குச் சொன்னால், சாப்பிட வந்தவர்களில் பாதிப்பேர் என் முதல் கலியாணத்தைப் பற்றித்தான் கதைப்பார்கள். அந்தக் கதையை அம்மாவின் காதில் விழவைக்க எனக்கு மனமில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. கனடாவுக்கு வந்து பதினாறு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். விடுமுறை என்று ஒரு நாள்கூட எங்கும் போனதில்லை. அப்பாவின் செத்த வீட்டுக்கு யாழ்ப்பாணம் போனதுதான் ஒரே பயணம். கலியாணமும் முதல் விடுமுறையும் ஒன்றாகவே இருக்கட்டும், பதினொரு பேர் போதும் என்று முடிவு செய்தோம்.

அவருக்கு முதலில் குவாதலூப் தீவுக்குப் போகத்தான் ஆசை. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழரின் பிள்ளைகள் இன்றும் அங்கே மாரியம்மனுக்குக் கோயில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பிரெஞ்சுச் சட்டம் நடக்கும் இடம். ஒருவராவது அந்த ஊரில் ஒரு மாதம் குடியிருந்திருக்க வேண்டும். எங்களுக்கு லீவே பத்து நாள். ஜமைக்காவில் இறங்கி 24 மணி நேரம் போனால்தான் விண்ணப்பிக்கலாம். பார்படோஸில் காத்திருக்கும் காலமே இல்லை. இருவரும் நேரில் போய் விண்ணப்பித்து அன்றே கலியாண உரிமம் வாங்கலாம். ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. 2024 ஜூன் 29இல் இந்தியக் கிரிக்கெட் அணி T20 உலகக் கிண்ணத்தை வென்றுவிட்டுப் புயலால் வெளியேற முடியாமல் நின்றதே, அந்தத் தீவுதான். புயற்காலம் ஜூனிலிருந்து நவம்பர் வரை. தை மாதத்தில் அந்தப் பயம் இல்லை.

நாள் பார்த்தது அம்மா. தை மாதம், வளர்பிறை, வெள்ளிக்கிழமை, ஜனவரி 23. வெள்ளியில் எமகண்டம் மூன்று மணியிலிருந்து நாலரை வரை. சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்னம் மறைந்துவிடும். ஆக தாலி கட்ட எங்களுக்கு இருந்தது ஒன்றரை மணி நேரமும் இல்லாத ஒரு இடைவெளி. இதைத் தீவிலிருந்த கலியாண ஏற்பாட்டாளருக்கு மூன்று தரம் எழுதி விளங்கப்படுத்தினேன். அவர் எல்லாவற்றுக்கும் "பிரச்சினையில்லை" என்று ஒரு வரியில் பதில் போட்டார். அரைவாசிக் காசை முன்கூட்டியே கட்டியிருந்தோம். கொண்டுவர வேண்டிய பத்திரங்கள் என்று அவர் அனுப்பிய பட்டியலில் இருந்தவை: பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், "விவாகரத்துப் பேப்பர்கள்".

அந்தக் கடைசிச் சொல்லில்தான் விழுந்தேன்.

விமானம், அறை, கூறை, தாலிக்கொடி எல்லாம் ஒழுங்காகவே போயின. செவ்வாய் இரவு வேர்திங் பக்கத்தில் எடுத்த சின்ன விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். புதன் காலை குளித்து, பத்திரக் கோப்பையும் தூக்கிக்கொண்டு தலைநகர் பிரிட்ஜ்டவுனுக்கு பஸ் ஏறினோம். பஸ் காசு மூன்றரை பார்படோஸ் டொலர். அரசாங்க பஸ்ஸில் மிச்சம் தரமாட்டார்கள், சில்லறை வைத்திருங்கள். நகரத்தில் இறங்கினால் கடைகள் பூட்டு, தெரு வெறிச். உரிமம் கொடுக்கும் அலுவலகமும் பூட்டு. வாசலில் இருந்த காவலாளி எங்களைப் பார்த்து, "இன்றைக்கு பரோவின் நாள், நாளைக்கு வாருங்கள்" என்றார். ஜனவரி 21, நாட்டின் முதல் பிரதமர் எரல் பரோ பிறந்த நாள், தேசிய விடுமுறை. ஏற்பாட்டாளர் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். புதன்கிழமை உரிமம் எடுக்கப் போகிறோம் என்று எழுதி அவருடைய ஒப்புதலையும் வாங்கியிருந்தேன். தொலைபேசியில் கேட்டபோது, "உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்" என்றார். அந்தச் சொல் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஸ்காபரோவில் இருக்கிற எனக்கு எப்படித் தெரியும்?

அன்று பின்னேரம் எங்கள் கலியாணத்தை நடத்தவிருந்த போதகர் விடுதிக்கு வந்தார். வயதான பெண்மணி, நிதானமான பேச்சு. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது இன்னார்தான் நடத்தி வைக்கிறார் என்று அவருடைய கடிதமும் வைக்க வேண்டும். கடிதத்தைத் தந்துவிட்டு, "எதற்கும் உங்கள் பத்திரங்களைக் காட்டு மகளே" என்றார். நான் நீட்டியது நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்பு. நீதிபதியின் பெயர், முத்திரை எல்லாம் உள்ள கனமான கட்டு. அவர் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். "இது தீர்ப்பு. அது முடிந்த முடிவாகிவிட்டது என்று சொல்லும் தாள் எங்கே?"

எனக்குக் கையும் காலும் குளிர்ந்துவிட்டன.

கனடாவில் விவாகரத்தான எல்லோரும் இதைக் கவனியுங்கள். தீர்ப்பு வேறு, விவாகரத்துச் சான்றிதழ் வேறு. தீர்ப்புக் கொடுத்து 31ஆம் நாள்தான் அது நடைமுறைக்கு வரும். அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் கேட்டு வாங்கும் ஒற்றைத் தாள்தான் சான்றிதழ். மறுமணத்துக்குக் கேட்பது அதைத்தான், அதுவும் மூலப் பிரதி அல்லது உறுதிப்படுத்திய பிரதி. தொலைத்திருந்தால் வழக்கு நடந்த நீதிமன்றத்திலேயே திரும்ப எடுக்கலாம், சுமார் 25 டொலர். என்னிடம் அந்தத் தாள் இருந்தது. ஆனால் ஸ்காபரோவில், அலுமாரிக்குள். பக்கம் கூடின பத்திரம்தான் பெரிய பத்திரம் என்று நினைத்து மற்றதை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

தம்பியும் அம்மாவும் வியாழன் காலை விமானத்தில் வருவதாக இருந்தது. தம்பிக்கு அடித்தேன். பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு பனிக்குள் காரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குப் போனான்.

"அக்கா, சாமித்தட்டுக்குப் பக்கத்து அலுமாரியோ? மேல் தட்டோ?"

"நீலக் கோப்பு. அதுக்குள்ளை ஒரேயொரு தாள்."

"மூண்டு நீலக் கோப்பு கிடக்கு. நில், படம் எடுத்து அனுப்புறன்."

ஐந்தாவது படத்தில் அது இருந்தது. அதைக் கண்டதும் விறாந்தையில் இருந்து குழறி அழுதேன். எட்டு வருடம் கண்ணில் படவே கூடாது என்று ஒளித்து வைத்த தாள் அது. இவர் பக்கத்தில் வந்து இருந்து, "நீர் பயப்பிடாதையும். வெள்ளிக்கிழமை காலமை முதல் ஆளாய் நிப்பம்" என்று மட்டும் சொன்னார்.

வியாழன் காலை சும்மா இருக்கவில்லை. தாள் இல்லாவிட்டாலும் அலுவலகத்துக்குப் போய், இருப்பதையெல்லாம் காட்டிச் சரிபார்ப்போம் என்று இவர்தான் சொன்னார். நல்ல யோசனை. அங்கிருந்த பெண் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாஸ்போட் சரி, கடிதம் சரி. யாழ்ப்பாணத்துப் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க ரொறன்ரோவில் இரண்டு கிழமை அலைந்திருந்தேன். பாஸ்போட்டே போதும் என்று அதை மூடித் திருப்பித் தந்துவிட்டார். ஆங்கிலத்தில் இல்லாத பத்திரத்தைக் காட்டுவதானால்தான் மொழிபெயர்ப்பு வேண்டுமாம். வெளிநாட்டவர் இருவருக்கும் சேர்த்துக் கட்டணம் 200 பார்படோஸ் டொலர், அதற்குமேல் 25 டொலர் முத்திரை. இரண்டு பார்படோஸ் டொலர் ஒரு அமெரிக்க டொலர், 1975இலிருந்து மாறாத விகிதம், ஆகவே கணக்குப் பார்ப்பது சுலபம். "நாளைக்கு அந்தத் தாளோடு வாருங்கள், தாமதமாகாது" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு பகலைக் கடத்தினேன்.

தம்பி பின்னேரம் வந்து இறங்கினான். தாளைப் பையில் போடாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சேட்டுக்குள்ளேயே கொண்டுவந்திருந்தான். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: பார்படோஸில் பொதுமக்கள் இராணுவப் புள்ளி போட்ட உடுப்பு அணிவது சட்டப்படி குற்றம், சின்னப் பிள்ளைக்கும்தான். தம்பியின் மகன் அப்படியொரு தொப்பியோடு புறப்பட இருந்தான். நல்லவேளை, முதல்நாளே சொல்லிக் கழற்றி வைக்கச் செய்திருந்தேன்.

வெள்ளி. அம்மாவுக்கு ஒரே கவலை. "ராகுகாலம் பத்தரைக்குத் துவங்கும் பிள்ளை. அதுக்கு முன்னம் காசைக் கட்டிப்போடு." அலுவலகம் திறக்குமுன்பே வாசலில் நின்றோம். முதல்நாள் பார்த்த அதே பெண். தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுதான்" என்றார். பத்து மணி பத்து நிமிடத்துக்கு உரிமம் என் கையில் இருந்தது. படியில் நின்றே அம்மாவுக்கு அடித்துச் சொன்னேன்.

கலியாணம் தீவின் மேற்குக் கரையில், பெயின்ஸ் பேயில். அந்தப் பக்கம் கரீபியன் கடல் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். கிழக்குக் கரை அத்திலாந்திக், பார்க்க அழகு, ஆனால் அலையும் காற்றும் கூறையைக் கட்டவிடாது. மேற்கில்கூடக் குத்துவிளக்கு மூன்று தரம் அணைந்தது. கடைசியில் விடுதிக்காரர் கொண்டுவந்த கண்ணாடிச் சிம்னியைக் கவிழ்த்துத்தான் சுடரைக் காப்பாற்றினோம். விளக்கு வைக்க நினைப்பவர்கள் ஸ்காபரோவிலேயே ஒரு சிம்னி வாங்கிப் போங்கள்.

பூ கொண்டுபோகாதீர்கள். பூ, இலை, பழம் எல்லாம் விமான நிலையத்தில் தாவரச் சோதனைக்கு உட்பட்டவை. மல்லிகை இல்லாமல் என்ன மாலை என்று அம்மா முதலில் முகம் சுளித்தா. ஆனால் அந்த நாட்டின் தேசியப் பூவே எங்கள் மயில்கொன்றை! வேலியெங்கும் ஈழத்தலரியும் கடதாசிப் பூவும். விடுதிக்காரரிடம் கேட்டுப் பறித்து, அம்மாவும் மாமியும் இருந்து ஈழத்தலரியில் இரண்டு மாலை கட்டினார்கள். கடையில் வாங்கின எந்த மாலையும் அதற்குக் கிட்ட வராது.

கரையில் நிற்கும் மரங்களில் சிவப்புப் பட்டை அடித்திருந்தால் அதன் கீழ் நாற்காலி போடாதீர்கள். மான்சினீல் என்ற நச்சு மரம். மழை பெய்தால் அதிலிருந்து வடியும் தண்ணீரே தோலைப் பொசுக்கும், காய் அதைவிடக் கொடியது. எங்கள் ஏற்பாட்டாளர் நாற்காலிகளை நிழல் என்று அதன் கீழேதான் அடுக்கியிருந்தார். போதகரம்மா கண்டு, தானே முதல் நாற்காலியைத் தூக்கினார்.

போதகர் சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார், இரண்டு சாட்சிகள் கையெழுத்து வைத்தார்கள், ஐந்து மணி பத்துக்கு இவர் எனக்குத் தாலி கட்டினார். ஐயர் இல்லை, மேளம் இல்லை. அங்கே கடற்கரை எல்லாமே பொது இடம், யாரையும் போகச் சொல்ல முடியாது. குளித்துக்கொண்டிருந்த சனம் கழுத்தளவு தண்ணீரில் நின்றபடியே கைதட்டியது. அம்மா அவர்களைப் பார்த்துக் கும்பிட்டா.

இரவு ஒய்ஸ்டின்ஸ் மீன் சந்தை. வெள்ளிக்கிழமைகளில் அங்கே ஊரே கூடிப் பொரித்த மீன் சாப்பிடும். பறவைக் கோலா மீனும் ஈரப்பலாக்காயும் கண்டு அம்மாவுக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. அடுத்த ஐந்து நாளும் கடல், நித்திரை, சாப்பாடு. சொல்ல வேறொன்றும் இல்லை, அவ்வளவு நன்றாக இருந்தது.

ஏற்பாட்டாளருக்குக் கொடுக்கவிருந்த மிச்சக் காசில் புதன்கிழமை வீணான செலவைக் கழித்துத்தான் கொடுத்தேன். முதலில் முறுகினார். அவர் ஒப்புக்கொண்ட கடிதத்தை எடுத்துக் காட்டினேன், பேசாமல் வாங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். "விவாகரத்துப் பேப்பர்" என்று யாராவது சொன்னால், அந்தப் பேப்பரின் சரியான பெயர் என்ன, மூலமா பிரதியா என்று கேட்காமல் விடாதீர்கள். போகிற கிழமையில் அந்த நாட்டு விடுமுறை உண்டா என்று நீங்களே பாருங்கள். தாலிக்கொடியைக் கைப்பையில் வையுங்கள், பில்லும் படமும் கூடவே இருக்கட்டும், திரும்பி வரும்போது கனடாச் சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.

வெளிநாட்டில் நடந்த கலியாணத்தை ஒன்ராறியோவில் திரும்பப் பதிவதில்லை. பார்படோஸ் சான்றிதழ்தான் ஆயுளுக்கும் அத்தாட்சி. அதனால் மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று வீட்டில், ஒன்று வங்கிப் பெட்டகத்தில். மற்றதை விவாகரத்துச் சான்றிதழோடு சேர்த்து அதே நீலக் கோப்பில் போட்டுத் தம்பி வீட்டில் கொடுத்துவிட்டேன்.