சாக்கடைக்குள் ஓடிய எங்கள் நல்ல தண்ணிக் குழாய்

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நாத்தனார் குடும்பம் வந்துவிட்டுப் போன வாரம்தான் என் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. பண்டிகைக் கடைகளில் எதையாவது தின்றிருப்பான் என்று விட்டுவிட்டோம். பத்து நாள் கழித்து மாமியாருக்கும் அதே தொந்தரவு. டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே, "வீட்டில் என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். "காவேரித் தண்ணிதான் டாக்டர்" என்றேன். "அது மேட்டூரிலிருந்து கிளம்பும்போது சரி. உங்க டம்ளருக்கு வரும்போது?" என்றார். அந்தக் கேள்வி அன்று முழுவதும் என் காதிலேயே இருந்தது.

எங்கள் வீடு அம்மாபேட்டைப் பக்கம். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: நல்ல தண்ணி என்றால் மேட்டூர்த் தண்ணி, உப்புத் தண்ணி என்றால் போர்வெல் தண்ணி. எங்கள் தெருவுக்கு நாலு நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணி விடுவார்கள். அது நேராகத் தரைக்கடியில் இருக்கும் 5,000 லிட்டர் தொட்டியில், அதாவது சம்ப்பில், இறங்கும். அங்கிருந்து குடத்தில் எடுத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் குடிப்போம். "காவேரித் தண்ணிக்கு என்ன கண்ணு குறை? நாங்க அதைக் குடிச்சுத்தானே இருக்கோம்" என்பார் மாமியார்.

சரி, ஒரு ஃபில்டர் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். செயல்முறை காட்டுவதற்கு ஒரு விற்பனையாளர் வீட்டுக்கே வந்தார். இரண்டு டம்ளர்: ஒன்றில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர், அதாவது சவ்வு வழியாக அழுத்தி உப்பை நீக்கிய தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் இறக்கி, சுவிட்சைப் போட்டார். இரண்டு நிமிடத்தில் எங்கள் டம்ளர் பழுப்பாகி, சேறு மாதிரி திப்பி திப்பியாக மிதந்தது. அவருடைய டம்ளர் அப்படியே தெளிவாக இருந்தது. மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் வயிற்றைக் கலக்கியது. உடனே முன்பணம் கொடுக்கத்தான் கை போனது.

ஆனால் பள்ளியில் வேதியியல் எடுக்கும் என் தம்பியிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டேன். "அக்கா, அந்தத் தெளிந்த தண்ணியில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடியும் கம்பியை விடச் சொல்லு" என்றான். போட்டோம். அதுவும் பழுப்பானது! அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே இல்லை. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து வருவதுதான் அந்தப் பழுப்பு. கரைந்த உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் பாயாது. பயம் காட்டி விற்கிறார்களே என்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பிள்ளைக்கு வயிறு சரியில்லாத வீட்டில் இப்படிச் செய்யலாமா?

டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்து, கரைந்த உப்புகளின் அளவை அது உத்தேசமாகக் காட்டும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 150 காட்டும் தண்ணீரிலும் சாக்கடை கலந்திருக்கலாம்.

தம்பி சொன்னபடி, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போனேன். கட்டணம் கட்டினால் வீட்டுத் தண்ணீரையும் சோதித்துத் தருகிறார்கள். மாதிரி எடுப்பதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். உப்புகளைப் பார்க்க, சுத்தமான 2 லிட்டர் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். கிருமி சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலையோ அலசவே கூடாது. குளோரினை முறிக்கும் மருந்து அதற்குள் முன்பே போட்டிருக்கும், கழுவினால் போய்விடும். குழாய் வாயை ஸ்பிரிட் பஞ்சால் கொளுத்திச் சுட்டு, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மூன்று இடத்தில் எடுத்தேன்: தண்ணி விட்டு அரை மணி நேரம் கழித்து சம்ப்பில் விழும் குழாயில், சம்ப்பில், போரில்.

முடிவு கைக்கு வந்தபோது ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தேன். குழாயில் வந்த மேட்டூர்த் தண்ணீரில் டிடிஎஸ் 270, கடினத்தன்மை 140, ஃபுளோரைடு 0.4, நைட்ரேட் 6. இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு முறையே லிட்டருக்கு 500, 200, 1, 45 மில்லிகிராம். குளோரினும் இருந்தது, கிருமி இல்லை. போர் தண்ணீரில் டிடிஎஸ் 1,480, கடினத்தன்மை 690. மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுவை வெட்டியெடுக்கிற ஊரில் நிலத்தடி நீர் இப்படி இருப்பதில் ஆச்சரியமில்லை. நாங்கள் அதைக் குடிப்பதும் இல்லை. ஆனால் சம்ப் மாதிரிக்கு நேராக 'ஈ. கோலி உள்ளது' என்று இருந்தது. நூறு மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாத கிருமி அது. மலம் கலந்த தண்ணீரின் அடையாளம்.

சம்ப்தான் குற்றவாளி என்று நினைத்தோம். ஆள் வைத்து இறைத்து, வண்டலை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவினோம். மழைத்தண்ணீர் இறங்காதபடி மூடியைச் சுற்றி நாலு அங்குலம் உயர்த்திப் பூசினோம். தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டோம். இரண்டு முறை தண்ணி வந்த பிறகு மறுபடியும் சோதித்தோம். மறுபடியும் ஈ. கோலி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கண்டுபிடித்தது எங்கள் பிளம்பர்தான். "அக்கா, தண்ணி விட்டதும் முதல்ல வர்றதை மோந்து பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை, அரை மணி நேரம் கழித்துத்தானே மாதிரி பிடித்தேன். அடுத்த தண்ணி நாளில் விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து நின்றார். குழாய் முதலில் புஸ்ஸென்று காற்றைத் தள்ளியது. பிறகு வந்த தண்ணீரைக் கையில் ஏந்தினேன். லேசான மஞ்சள், சாக்கடை நாற்றம். அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு வாசல் சாக்கடைக்குள் அடித்தார். கறுப்புத் தண்ணீருக்கு நடுவே ஒரே இடத்தில் குமிழ் குமிழாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

மாமனார் காலத்தில் போட்ட இரும்புக் குழாய், தெருவிலிருந்து சாக்கடைக்குள்ளேயே குறுக்கே வந்து வீட்டுக்குள் நுழைகிறது. அங்கே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. தண்ணி விடும்போது அழுத்தத்தில் நல்ல தண்ணீர் வெளியே கசியும். விடாத நாட்களில் குழாய் காலியாகக் கிடக்க, சாக்கடைத் தண்ணீர் உள்ளே இறங்கித் தங்கும். அடுத்த முறை அதுதான் முதலில் சம்ப்பில் விழும். சம்ப்பில் நாலு நாள் கிடப்பதில் குளோரினும் தீர்ந்துபோகும். நாலு நாளுக்கு ஒருமுறை எங்கள் பிள்ளைக்கு நாங்களே அதைக் குடிக்கக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, புதுக் குழாயைச் சாக்கடைக்கு மேலாகத் தூக்கிப் போட்டோம். சம்ப்புக்கு முன்னால் ஒரு கிளைக் குழாயும் வால்வும் வைத்து, முதல் பத்து நிமிடத் தண்ணீரைச் செடிகளுக்குத் திருப்பிவிடுகிறோம். புதுக் குழாய் போடும் வரை குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்தோம். கிருமிக்கு அது போதும். ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவை கொதிக்கவைத்தாலும் போகாது.

அப்புறம்தான் ஃபில்டர். அறிக்கை கையில் இருந்ததால் குழப்பமே இல்லை. 270 டிடிஎஸ் தண்ணீருக்கு ஆர்ஓ எதற்கு? வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் கொடுக்க ஏறக்குறைய மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணி வரும் தெருவில் அது எனக்கு மனசே ஆகாது. டிடிஎஸ் 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. வண்டலைப் பிடிக்கும் வடிகட்டி, வாடையை எடுக்கும் கரி, பாக்டீரியாவைத் தடுக்கும் யுஎஃப் சவ்வு, கடைசியில் கிருமியைக் கொல்லும் யுவி (புற ஊதா) விளக்கு உள்ள கருவியை வாங்கினோம். கலங்கல் இருந்தால் யுவி வேலை செய்யாது, அதனால் முதல் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றியாக வேண்டும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கிருமியைக் கொல்லும் வலு குறைந்துவிடும். மாட்டிய தேதியை மார்க்கரில் கருவியின் மேலேயே எழுதிவிட்டேன். கரி குளோரினையும் எடுத்துவிடுவதால், வடிகட்டிய தண்ணீரை நாள்கணக்கில் வைத்துக் குடிப்பதில்லை.

ஓமலூர்ப் பக்கம் இருக்கும் நாத்தனார் வீட்டில் கதையே வேறு. அவர்களுக்கு போர் மட்டும்தான். சோதித்ததில் ஃபுளோரைடு 1.8 வந்தது. வேறு தண்ணீரே இல்லாத இடத்திலும் 1.5-க்கு மேல் கூடாது. பிள்ளைகளுடைய பல்லில் கறை படியும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்ஓ வைக்கச் சொன்னோம். கழிவு நீரைப் பாத்திரம் கழுவப் பிடித்துவைக்கிறார்கள்.

குழாய் மாற்றிய பிறகு எடுத்த சோதனையில் சம்ப்பிலும் ஃபில்டரிலும் ஈ. கோலி இல்லை. சின்னவனுக்கு அதற்குப் பிறகு வயிறு கெடவில்லை. மாமியார் அந்த அறிக்கையை மடித்து சாமி மாடத்தில் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக் குழாயும் அதே சாக்கடைக்குள்தான் போகிறது. வெள்ளிக்கிழமை விடியற்காலை தண்ணி விடும்போது, அவர்கள் வீட்டு முதல் தண்ணீரை மோந்து பார்க்க நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.