தண்ணீர் இல்லாத காடு

“உங்களைச் சொல்லவில்லை தம்பி, ஊரைத்தான் சொன்னேன்.” எங்கள் கண்காணிப்பாளர் சொன்ன இந்தச் சமாதானம் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

தண்டனை மாறுதலில் தருமபுரிக்கு வந்தவர். யாரிடமோ கைபேசியில், “தண்ணீர் இல்லாத காட்டுக்கு நாடு கடத்திவிட்டார்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் நான். “நாடு கடத்தினால் சம்பளம் வராது சார்” என்றேன். பதில் சொல்ல வாயெடுத்தவர் என் பற்களைப் பார்த்துவிட்டார். பென்னாகரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று ஃபுளோரைடு சிறுவயதில் ஏற்றிய பழுப்புக் கோடுகள். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு வெகுகாலம் முன்பே படிந்தவை. அதன் பிறகுதான் அந்தச் சமாதானம்.

நான் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ரோமானியச் சட்டத்தில் முழு நாடுகடத்தல் என்றால், அந்த ஆளுக்கு யாரும் தண்ணீரும் நெருப்பும் தரக் கூடாது. கி.பி. 8-இல் பேரரசர் அகஸ்டஸ் கவிஞர் ஓவிட்டைக் கருங்கடல் கரையிலுள்ள டோமிஸுக்கு அனுப்பியது அதைவிட லேசான வகை. சொத்தும் குடியுரிமையும் பறிபோகவில்லை. நம் பாஷையில் தண்டனை மாறுதல். இந்த வித்தியாசத்தை ஓவிட்டே எழுதியிருக்கிறார், புலம்பலைத்தான் விடவில்லை. அங்கே குளிரில் திராட்சை மதுகூட உறைந்து, துண்டு துண்டாகக் கிடைக்கிறதாம். டோமிஸ்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனைக்கும் அவருக்கு வரிவிலக்குக் கொடுத்தவர்கள். நிலத்தைத்தான் குறை சொன்னேன், உங்களை அல்ல என்று ஓவிட் கவிதையிலேயே சமாதானம் சொன்னார். எங்கள் சாருக்கு நாங்கள் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்திருந்தோம்.

இதையெல்லாம் படித்தது பிற்பாடு. அன்று என் வாயில் வந்தது வெறும் குத்தல்தான். ஏதோ ஒரு கோப்பில் கையெழுத்துப் போட மறுத்ததால் அவரை இங்கே தள்ளினார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு. அது உண்மையென்றால் அவர் புலம்பியதில் நியாயம் இருக்கிறது. “தருமபுரிக்குத் தூக்கியடித்துவிடுவேன்” என்று மிரட்டி எங்கள் ஊரைத் தண்டனையாக்கியவர்கள் மேலே இருப்பவர்கள், இவர் இல்லை. ஆனால் அவர்கள் யாரும் என் பக்கத்து மேசையில் உட்காரவில்லையே.

மாறுதல் கிடைத்துப் போகும்போது பிரிவுபசார விழாவில் எங்களையெல்லாம் வானளாவப் புகழ்ந்தார். ஊரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வதா, நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வதா?