சிசிஎன்ஏ தேர்வுக்கு ஷோ கட்டளைகளைப் படிக்கும் விதம்

சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ தேர்வுக்குத் தயாராகிறவர்கள் கையில் எப்படியும் ஒரு பட்டியல் இருக்கும். 'முக்கியமான ஷோ கட்டளைகள்' என்று வாட்ஸப்பில் சுற்றும் பிடிஎஃப். ஷோ கட்டளை என்றால் ரவுட்டரோ ஸ்விட்சோ இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் கட்டளை. அதை மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பட்டியலில் தப்பில்லை. ஆனால் கட்டளை தெரிந்தவர்கள்கூட அதன் அவுட்புட்டை வைத்துக்கொண்டு முழிக்கும் இடத்தில்தான் மதிப்பெண் போகிறது. எந்தப் பயிற்சித் தேர்வை எடுத்தாலும் பாருங்கள், ஒரு படம், அதன் கீழே ஒரு ஷோ கட்டளையின் அவுட்புட், 'ஏன் பிசி ஒன்றால் சர்வரை அடைய முடியவில்லை' என்று ஒரு கேள்வி. கட்டளையை அவர்களே கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது படிப்பதுதான்.

சிசிஎன்ஏவின் 200-301 தேர்வு 120 நிமிடம். ஒரு கேள்வியை முடித்து அடுத்ததற்குப் போய்விட்டால் திரும்பி வர முடியாது. சந்தேகமானதைக் குறித்து வைத்துக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் பள்ளிக்கூடப் பழக்கம் இங்கே செல்லாது. அதனால் இருபது வரி அவுட்புட் திரையில் வந்து விழும்போது கண் முதலில் எங்கே போக வேண்டும் என்று முன்பே பழகியிருக்க வேண்டும். பாடத்திட்டத்தில் நெட்வொர்க் ஃபண்டமென்டல்ஸ் 20 சதவீதம், நெட்வொர்க் ஆக்சஸ் 20, ஐபி கனெக்டிவிட்டி 25. இந்த மூன்றிலுமே இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

எல்லோருக்கும் தெரிந்த 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்' கட்டளையிலிருந்தே தொடங்கலாம். அதில் ஆறு பத்திகள்: இன்டர்ஃபேஸ், ஐபி அட்ரஸ், ஓகே, மெத்தட், ஸ்டேட்டஸ், புரோட்டோகால். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்:

கிகாபிட்ஈதர்நெட்0/1 — 10.1.1.1 — யெஸ் — மேனுவல் — அட்மினிஸ்ட்ரேடிவ்லி டவுன் — டவுன்

புதிதாகப் படிக்கிறவர்கள் 'ஓகே' பத்தியில் 'யெஸ்' என்று பார்த்ததும் இன்டர்ஃபேஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது ஐபி முகவரி செல்லுபடியாகும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. போர்ட் செத்துக் கிடந்தாலும் 'யெஸ்' இருக்கும். பக்கத்தில் உள்ள 'மெத்தட்' பத்தியைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. 'மேனுவல்' என்றால் சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ கையால் கொடுத்த முகவரி. 'என்வி ராம்' என்றால் சேமித்து வைத்த கான்ஃபிகரேஷனிலிருந்து வந்தது. 'டிஹெச்சிபி' என்றால் சர்வரிடமிருந்து வாங்கியது. வேலையில் இது ரொம்ப உதவும்; தேர்வில் கொஞ்சம்.

கடைசி இரண்டு பத்திகளில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்டேட்டஸ் கேட்பது: கம்பியில் சிக்னல் இருக்கிறதா? புரோட்டோகால் கேட்பது: அந்தக் கம்பியின் மேல் இரண்டாம் லேயர் (ஃப்ரேம்களைப் பரிமாறும் அடுக்கு) பேசிக்கொள்கிறதா? இரண்டும் தனித்தனிக் கேள்விகள். இப்படிப் பிரித்துப் படித்தால் நான்கு நிலைகளையும் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

அட்மினிஸ்ட்ரேடிவ்லி டவுன் என்றால் கான்ஃபிகரேஷனில் 'ஷட்டவுன்' இருக்கிறது. ரவுட்டரின் போர்ட்டுகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இந்த நிலையில்தான் வரும். ஸ்விட்ச் போர்ட்டுகள் அப்படியில்லை, திறந்தே வரும். அதனால் கேபிள் செருகாத புது ஸ்விட்சில் வெறும் டவுன்/டவுன் தெரியும். டவுன்/டவுன் என்றால் கேபிள் இல்லை, கேபிள் கெட்டுவிட்டது, எதிர்ப் பக்கச் சாதனத்தில் கரன்ட் இல்லை, இரண்டு பக்கமும் வேகம் பொருந்தவில்லை, இப்படி ஏதாவது ஒன்று. அப்புறம் இன்னொன்று: எதிர்ப் பக்கம் ஷட்டவுனில் இருந்தாலும் நம் பக்கம் டவுன்/டவுன்தான். 'அட்மினிஸ்ட்ரேடிவ்லி' என்ற சொல் மூடிய பக்கத்தில் மட்டும்தான் தெரியும். கேள்வியில் ஒரு பக்கத்து அவுட்புட்டை மட்டும் கொடுத்து, நான்கு விடைகளில் ஒன்றாக இதை ஒளித்து வைக்க வசதியான இடம் இது.

அப்/டவுன் பற்றிப் பழைய புத்தகங்கள் சீரியல் லிங்கை வைத்துப் பக்கம் பக்கமாக விளக்கும்: ஒரு பக்கம் ஹெச்டிஎல்சி, இன்னொரு பக்கம் பிபிபி என்று புரோட்டோகால் பொருந்தாதது, இத்யாதி. இப்போதைய பாடத்திட்டத்தில் அதெல்லாம் போய்விட்டது. ஆனால் ஸ்விட்சின் விலான் (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இன்டர்ஃபேஸில் அப்/டவுன் இன்றும் வரும். விலான் 10-க்கு முகவரி கொடுத்து, நோ ஷட்டவுனும் கொடுத்தாகிவிட்டது, ஆனாலும் மேலே எழவில்லை என்றால், அந்த விலான் உருவாக்கப்பட்டிருக்கிறதா, அதைச் சுமக்கும் ஒரு போர்ட்டாவது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இரண்டும் இல்லாமல் விலான் இன்டர்ஃபேஸ் அப்/அப் ஆகாது.

சரி, அப்/அப் வந்துவிட்டால்? ஜூனியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்.

"அண்ணா, ரெண்டு பக்கமும் அப் அப்தான். ஆனா பிங் போகல."

"மாஸ்க் பாத்தியாப்பா?"

"ப்ரீஃப்ல பாத்தேனே அண்ணா, ஐபி கரெக்டா இருக்கு."

ப்ரீஃபில் மாஸ்க், அதாவது முகவரியில் நெட்வொர்க் பகுதி எதுவரை என்று சொல்வது, தெரியவே தெரியாது. ஒரு பக்கம் /24, இன்னொரு பக்கம் /30 என்று இருந்தாலும் அந்தப் பட்டியல் அழகாகத்தான் இருக்கும். மாஸ்க் வேண்டுமென்றால் 'ஷோ இன்டர்ஃபேஸஸ்' கொடுத்து 'இன்டர்நெட் அட்ரஸ் இஸ்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதைவிட வேகமான வழி 'ஷோ ஐபி ரூட்'. அப்/அப் ஆன ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் அங்கே இரண்டு வரிகள் இருக்கும்: சி என்று தொடங்குவது நெட்வொர்க், மாஸ்க்கோடு, எல் என்று தொடங்குவது அந்த இன்டர்ஃபேஸின் சொந்த முகவரி, /32-ஆக. எத்தனை இன்டர்ஃபேஸ் இருந்தாலும் எல்லா மாஸ்க்கும் ஒரே திரையில். சி வரி இல்லையென்றால் அந்த இன்டர்ஃபேஸ் எழவில்லை என்றும் அர்த்தம். ஒரே கட்டளையில் இரண்டு வேலை.

அப்/அப் இருந்தும் நெட்வொர்க் இழுத்துக்கொண்டு ஓடும் இன்னொரு வகை உண்டு. டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச்: இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம் (ஃபுல்) என்று ஒரு பக்கமும், மாறி மாறித்தான் பேச வேண்டும் (ஹாஃப்) என்று மறுபக்கமும் இருப்பது. பாடத்திட்டத்தில் 1.4 என்ற எண்ணில் இது பெயர் சொல்லியே இருக்கிறது, கொலிஷன், எரர் ஆகியவற்றோடு. அதனால் கொஞ்சம் நேரம் செலவழித்துப் படிக்க வேண்டிய இடம். ஒரு பக்கத்தில் வேகம் 100, டூப்ளெக்ஸ் ஃபுல் என்று கையால் பூட்டிவிட்டார்கள். எதிர்ப் பக்கம் ஆட்டோவில் இருக்கிறது. ஆட்டோ பக்கத்துக்குப் பேச்சுவார்த்தை நடத்த எதிரில் ஆள் இல்லை. சிக்னலைப் பார்த்து 100 என்று வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் ஹாஃப் எடுத்துக்கொள்ளும். லிங்க் எழுந்துவிடும். பிங் போகும். பெரிய ஃபைல் காப்பி செய்யும்போதுதான் ஊர்ந்து போகும்.

இப்போது 'ஷோ இன்டர்ஃபேஸஸ்' கொடுத்தால் கீழ்ப்பாதியில் எண்கள் வரிசையாக நிற்கும். ஹாஃப் பக்கத்தில் 'லேட் கொலிஷன்' ஏறிக்கொண்டே போகும். லேட் கொலிஷன் என்பது ஃப்ரேமின் முதல் 64 பைட் போன பிறகு நடக்கும் மோதல். ஒழுங்கான ஹாஃப் டூப்ளெக்ஸில் அது நடக்கக் கூடாது. எதிரில் இருப்பவர் ஃபுல் என்பதால், இவர் பேசும்போதே அவரும் பேசத் தொடங்கிவிடுகிறார். ஃபுல் பக்கத்தில் கொலிஷன் சுழியம். ஆனால் பாதியில் வெட்டுப்பட்ட ஃப்ரேம்கள் வந்து சேர்வதால் அங்கே 'சிஆர்சி'யும் (பிழைச் சோதனையில் தேறாத ஃப்ரேம்கள்) 'ரன்ட்ஸ்'ம் (64 பைட்டுக்கும் சிறிய ஃப்ரேம்கள்) ஏறும். ஒரு பக்கத்து அவுட்புட்டை மட்டும் காட்டி, அந்தப் பக்கம் ஃபுல்லா ஹாஃபா என்று கேட்டால்கூட இனி சொல்லிவிடலாம். லேட் கொலிஷன் இல்லாமல் சிஆர்சி மட்டும் ஏறினால் கேபிளையும் சந்தேகப்படுங்கள்.

இந்த எண்கள் எப்போது தொடங்கி எண்ணப்பட்டவை என்பதையும் பார்க்கப் பழகுங்கள். நடுவில் 'லாஸ்ட் கிளியரிங்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'நெவர்' என்றிருந்தால், சாதனம் கிளம்பிய நாளிலிருந்து சேர்ந்த கணக்கு அது. போன வருஷம் மாற்றிய கேபிளின் பாவம்கூட அதில் இருக்கலாம். 'கிளியர் கவுன்டர்ஸ்' கொடுத்து, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்ப்பதுதான் முறை.

ஸ்விட்சில் ஒரே பார்வையில் எல்லாம் தெரிய 'ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்' கட்டளை இருக்கிறது. என்னைக் கேட்டால் ப்ரீஃபைவிட இதற்குத்தான் முதலிடம். டூப்ளெக்ஸ் பத்தியில் 'ஏ-ஃபுல்', வேகத்தில் 'ஏ-100' என்று முன்னால் ஓர் 'ஏ' இருந்தால் ஆட்டோவில் முடிவானது. வெறும் 'ஃபுல்', '100' என்றால் கையால் பூட்டியது. மேலே சொன்ன மிஸ்மேட்சில் ஒரு ஸ்விட்ச் 'ஃபுல், 100' என்றும் மற்றது 'ஏ-ஹாஃப், ஏ-100' என்றும் காட்டும். அந்த ஒற்றை எழுத்தில் பாதி விடை இருக்கிறது. ஸ்டேட்டஸ் பத்தியில் 'நாட்கனெக்ட்' என்றால் கேபிள் விஷயம், 'டிஸேபிள்ட்' என்றால் ஷட்டவுன், 'எர்-டிஸேபிள்ட்' என்றால் போர்ட் செக்யூரிட்டி போன்ற ஏதோ ஒரு விதியை மீறியதால் ஸ்விட்சே மூடியது. கடைசியில் சொன்னதை ப்ரீஃப் கட்டளை டவுன்/டவுன் என்று மட்டும் காட்டிவிட்டு நம்மைக் கேபிள் தேட அனுப்பிவிடும். காரணத்தைச் சரிசெய்த பிறகு அந்த போர்ட்டில் ஷட்டவுன், பின் நோ ஷட்டவுன். நேரடியாக நோ ஷட்டவுன் மட்டும் கொடுத்தால் எழாது.

'ஷோ விலான் ப்ரீஃப்' பற்றி ஒரே ஒரு குறிப்பு. ஒரு போர்ட் அந்தப் பட்டியலில் எங்குமே இல்லையென்றால் அது ட்ரங்காக (பல விலான்களைச் சுமக்கும் லிங்காக) ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது அதற்கு ஒதுக்கிய விலானை யாரோ அழித்திருக்கலாம். எது என்று 'ஷோ இன்டர்ஃபேஸஸ் ட்ரங்க்' சொல்லிவிடும். பக்கத்தில் இணைந்திருக்கும் சிஸ்கோ சாதனங்களைக் காட்டும் 'ஷோ சிடிபி நெய்பர்ஸ்' அவுட்புட்டில் 'லோக்கல்' என்பது நம் போர்ட், கடைசிப் பத்தியில் உள்ள 'போர்ட் ஐடி' எதிராளியின் போர்ட். அவசரத்தில் மாற்றிப் படித்துவிடக் கூடாது. எதிராளியின் ஐபி வேண்டுமென்றால் கடைசியில் 'டீட்டெய்ல்' சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் பழக என் சிபாரிசு ஒன்றுதான்: ஓடுகிற லேபை வேண்டுமென்றே கெடுங்கள். இரண்டு ரவுட்டர், இரண்டு ஸ்விட்ச், நான்கு பிசி போதும். எல்லாம் பிங் ஆனதும் ஒரு கோளாறை நுழைத்துவிடுங்கள். மாஸ்க்கை மாற்றுங்கள், ஒரு விலானை அழித்துவிடுங்கள், எதிர்ப் பக்கத்தை மூடுங்கள். ஆனால் ஷோ கட்டளை கொடுப்பதற்கு முன்னால், அவுட்புட்டில் எந்தப் பத்தியில் என்ன மாறும் என்று நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு கட்டளை கொடுத்து ஒப்பிடுங்கள். எழுதாமல் மனசுக்குள் நினைத்துக்கொண்டால், அவுட்புட்டைப் பார்த்ததும் 'இதைத்தான் நானும் நினைத்தேன்' என்று மனசு சொல்லிவிடும். கூடப் படிக்கும் ஆள் இருந்தால் இன்னும் நல்லது: அவர் கெடுக்கட்டும், நீங்கள் ஷோ கட்டளைகளை மட்டும் வைத்துக் கண்டுபிடியுங்கள். 'ஷோ ரன்' கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள். முழு கான்ஃபிகரேஷனையும் வரி வரியாகத் தடவிப் பார்ப்பது தேர்வு அறையில் நேரத்தைத் தின்னும்.

சிஸ்கோவின் சிமுலேட்டரான பேக்கெட் ட்ரேசர் இலவசம், தொண்ணூறு சதவீதம் லேபுக்கு அதுவே போதும் என்பேன். டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச் மாதிரியான விஷயங்கள் மட்டும் அதில் நிஜம் போல வராது. பழைய 2960 ஸ்விட்ச் இரண்டு கிடைத்தால் அந்த எண்கள் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

லேப் கேள்விக்கான சில கைப்பழக்கங்கள். கட்டளை மறந்தால் கேள்விக்குறி அடியுங்கள், பாதி தெரிந்தால் டேப். கான்ஃபிகரேஷன் மோடில் இருக்கும்போது வெளியே வராமலே முன்னால் 'டூ' சேர்த்து ஷோ கட்டளை கொடுக்கலாம். எழுத்துப்பிழையால் ரவுட்டர் அதை ஒரு பெயர் என்று நினைத்து டிஎன்எஸ்ஸில் தேடத் தொடங்கினால், கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நீளமான அவுட்புட்டுக்குப் பைப் குறி போட்டு 'இன்க்ளூட்' அல்லது 'பிகின்' சேர்த்தால் தேவையான இடம் மட்டும் வரும். ப்ரீஃப் கட்டளையோடு 'எக்ஸ்க்ளூட் அன்அசைன்ட்' சேர்த்துப் பாருங்கள், முகவரி இல்லாத போர்ட்டெல்லாம் காணாமல் போய்விடும். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போனால் லாக் செய்திகள் தானாகத் திரைக்கு வராது, 'டெர்மினல் மானிட்டர்' கொடுக்க வேண்டும். இது தேர்வைவிட வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் அதிகம் தேவைப்படும்.

கடைசியாக, பலரும் தாண்டிவிடும் ஒரு பகுதி: பாடத்திட்டத்தில் 1.10. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கிளையன்ட்டின் ஐபி விவரங்களைச் சரிபார்க்கத் தெரிய வேண்டும். விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்'. முகவரி 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை. லினக்ஸில் 'ஐபி லிங்க்' கொடுத்தால் ரவுட்டரில் பழகிய அதே கேள்விகள் வேறு உடையில் வரும். கோண அடைப்புக்குள் 'அப்' இருந்தால் இன்டர்ஃபேஸை யாரும் மூடவில்லை. அதே அடைப்புக்குள் 'நோ-கேரியர்' இருந்தால் கம்பியில் சிக்னல் இல்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், அப்போது பின்னால் 'ஸ்டேட் டவுன்' என்றும் வரும். குழம்ப வேண்டாம், ரவுட்டரில் டவுன்/டவுன் என்று பார்த்தது இதுதான். நெட்வொர்க்மேனேஜர் உள்ள லினக்ஸில் 'என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஸ்டேட்டஸ்' இன்னும் எளிது. ஈதர்நெட்டில் 'அன்அவைலபிள்' என்றால் பெரும்பாலும் கேபிள் இல்லை. 'டிஸ்கனெக்டட்' என்றால் கேபிள் இருக்கிறது, ஆனால் எந்த இணைப்பு புரொஃபைலும் ஓடவில்லை. 'அன்மேனேஜ்ட்' என்றால் அந்தச் சாதனத்தை நெட்வொர்க்மேனேஜர் தொடுவதே இல்லை. மேக்கில் 'ஐஎஃப்கான்ஃபிக்'. அங்கே ஈதர்நெட், வைஃபை போன்ற இன்டர்ஃபேஸ்களின் அடியில் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு வரி இருக்கும், 'ஆக்டிவ்' அல்லது 'இன்ஆக்டிவ்'.