ஹெட்டர் பைப்ல ஒரு பக்கம் மட்டும் நீலமா?

ரெண்டு சிலிண்டர் பைக்ல ஒரு ஹெட்டர் பைப் (எஞ்சின்ல இருந்து புகைய சைலன்சருக்கு கொண்டுபோற குழாய்) பொன் நிறத்துல இருக்கும், பக்கத்துல இருக்கிறது கருநீலமா மாறிடும், இதப் பாத்ததும் நெறைய பேரு நேரா பாலிஷ் டப்பாவ எடுத்துடறாங்க, அது எனக்கு சுத்தமா பிடிக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூடாகும்போது மேல ஆக்சைடு படலம் தடிக்குது, சுமார் 300 டிகிரி செல்சியஸ்ல வைக்கோல் கலர், 500 தாண்டினா நீலம், அவ்ளோதான் விஷயம். அப்போ ஒரு பைப் மட்டும் அதிகமா நீலமாச்சுன்னா அந்தப் பக்கம் சூடு ஜாஸ்தி, பெட்ரோல்-காத்து கலவை லீனா (பெட்ரோல் கம்மியா) இருக்கா, கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கிற இன்டேக் ரப்பர்ல காத்து லீக் ஆகுதா, கார்ப் சிங்க் (ரெண்டு கார்புரேட்டரும் ஒரே அளவா வேலை செய்யறது) சரியா இருக்கான்னு மொதல்ல பாருங்க.

பழுப்பா திட்டுத்திட்டா, விரல் ரேகை அப்படியே பதிஞ்ச மாதிரி இருந்தா அது வேற, கை எண்ணெய் வெந்து ஒட்டினது. எஞ்சின் நல்லா ஆறினப்புறம் மெட்டல் பாலிஷ் போட்டு மெத்துனு துணியால தேய்ங்க, சாதா இரும்பு கம்பி நார் மட்டும் வேண்டவே வேண்டாம், அதோட துகள் ஒட்டி துருப்புள்ளி வந்துடும். முடிச்சதும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல தொடச்சிட்டு, வெறுங்கையால தொடாம ஸ்டார்ட் பண்ணுங்க.