கழுத்துத் துண்டுகளில் ஒரு சுவர்த்துணி

அம்மா ஈரோட்டில் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தவர். வெட்டியது போக மிஞ்சிய துணியில் ஹூக் பட்டிக்கும் கைப்பட்டிக்கும் ஆகிற துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியையெல்லாம் தலையணைக்குள் அடைத்துவிடுவார். வீட்டில் இலவம்பஞ்சுத் தலையணை விருந்தாளிகளுக்கு, துணித் தலையணை எங்களுக்கு. போன கோடையில் உறை நைந்துபோன இரண்டைப் பிரித்துத் தரையில் கொட்டினேன். டூ பை டூ, பாப்ளின், டெர்ரிகாட்டன், லைனிங், நடுநடுவே ஜரிகையோடு பட்டு. ஒரு தெருவே கட்டிய புடவைகளுக்கு மேட்சிங் பார்த்து எடுத்த நிறங்கள்.

ஒட்டுத்துணி வேலை எனக்குப் பழக்கம்தான். துண்டுகளை ஒரே அளவுச் சதுரங்களாக நறுக்கிக்கொண்டுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தக் குவியலைக் கிளறியதும் அதற்கு மனம் வரவில்லை. அதில் நிறைய, ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டியபோது விழுந்த துண்டுகள். துணியை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் மட்டும் வளைவு வரைந்து, ஒரே இழுப்பில் வெட்டுவார் அம்மா. விரித்தால் முழுக் கழுத்து. வெட்டி எடுத்த துண்டு, கீழே உருண்ட ஒரு அரைவட்டம். அதன் நடுவில் மடிப்புக் கோடு இன்னும் அழுத்தமாக இருக்கிறது. சிலவற்றின் ஓரத்தில் நீலச் சாக்பீஸ் தடம்கூட அழியவில்லை. யு நெக், பானைக் கழுத்து, வி, சதுரம் என்று எல்லாம் இருந்தன. ஜாக்கெட் அதை உடுத்தியவரோடு போய்விட்டது. இங்கே இருப்பது அம்மாவின் கத்தரி போன வழி. அதை வெட்டிச் சீராக்கினால் வெறும் துணிதான் மிஞ்சும். ஆகவே ஒரு துண்டின் ஓரத்தையும் தொடாமல், இருக்கிறபடியே சேர்த்து ஒரு சுவர்த்துணி தைப்பது என்று முடிவு செய்தேன்.

கொட்டியதைப் பார்த்ததும் அம்மா கேட்டார்: “இதையெல்லாம் எதுக்குக் கண்ணு எடுத்து வெச்சிருக்கே? புது உறை போட்டுத் திரும்ப அடைச்சா தீந்துது.” கொஞ்ச நேரத்தில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஊதா டூ பை டூ ஒன்றை எடுத்து, “இது டீச்சரம்மாவோடது. அவங்களுக்குக் கழுத்து ஏறித்தான் இருக்கோணும்” என்றார். துணியை வைத்துக் கண்டுபிடிக்கிறார் என்று நினைத்தேன். வளைவை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்.

இந்த மாதிரி வேலையில் என் மனதை விட்டுப் போகாத ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளைப் பிரித்து 1942-இல் ஒரு போர்வை தைத்தார். தேய்ந்த முழங்காலும் வெளுத்த நீலமும் அப்படியே தெரிகிற போர்வை. அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறின. தேய்மானத்தை மறைக்காமல் விடலாம் என்ற துணிச்சல் எனக்கு அவர்களிடமிருந்து வந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் சோதனை சாயம். டூ பை டூ சிவப்பும் கரும்பச்சையும் தண்ணீர் பட்டால் இறங்கும். கல் உப்பில் ஊற வை என்பது அம்மாவின் முறை. ஒரே துணியில் பாதியை உப்புத் தண்ணீரிலும் பாதியைச் சாதாத் தண்ணீரிலும் ஊற வைத்து, இரண்டையும் வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவுக்குத்தான் கறை விட்டன. தண்ணீர் தெளியும் வரை அலசுவதே உருப்படியான வழி. அப்புறமும் கறை விடுகிற துண்டுகளைத் தள்ளி வைத்துவிட்டேன்.

துண்டுகளை மேலே வைத்துத் தைக்க அடித்துணி, அப்பாவின் பழைய வேட்டி. நடுவில் பஞ்சுப் படலம் வைக்கவில்லை. நம் ஊர் வெக்கைக்கு அது தேவையில்லை, தொங்கவிடும்போது பாரமாகவும் இருக்கும். நைந்து மெலிந்த சென்னிமலை பெட்ஷீட் ஒன்று போதுமானதாக இருந்தது. அளவு, மூன்றடி அகலம், நான்கடி உயரம்.

அடுத்தது ஓரம். கால் அங்குலம் உள்ளே மடித்துத் தைப்பதுதான் வழக்கம். மாதிரிக்கு ஒன்றைத் தைத்துப் பார்த்தால், வளைவு சுருங்கி வேறு யாரோ வெட்டிய கழுத்து மாதிரி ஆகிவிடுகிறது. மடிக்காமல் அப்படியே வைத்துத் தைத்தால் பிசிறு வரும். ஆனால் உற்றுப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது: அரைவட்டம் முழுக்க ஒரே மாதிரி பிரிவதில்லை. நூல் நேராக ஓடுகிற இரு பக்கமும் அடிப்பாகமும்தான் பிரிகின்றன. வளைவு சாய்வாகத் திரும்புகிற இரண்டு இடமும் கிராஸ் துணி (நூலுக்குக் குறுக்கே சாய்வாக வெட்டிய துணி) போல அடங்கி நிற்கின்றன. ஆகவே பிரிகிற இடங்களில் மட்டும் ஓரத்தை ஒட்டிச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல் இரண்டு வரிசை, சாய்வான இடங்களில் ஒரே வரிசை. பட்டுக்கு இது போதாது. பின்னால் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்கிற கேன்வாஸ் வைத்த பிறகுதான் நின்றது.

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. “பிசிறு தெரிஞ்சா ஜாக்கெட்டைத் திருப்பிக் குடுத்துருவாங்க கண்ணு.” அவருடைய தொழிலில் அது சரியான சொல். இந்த வேலைக்கு அந்தப் பிசிறுதான் வேண்டும் என்று நான் இன்னமும் நினைக்கிறேன்.

அடுக்குவதில்தான் அதிக நாள் போனது. நெருக்கமாக அடுக்கினால் அழகாக இருந்தது, ஆனால் எந்தத் துண்டும் கழுத்தாகத் தெரியவில்லை. போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்த்தேன் (நிறத்தில் மயங்காமல் வெளிச்சமும் இருட்டும் எங்கே விழுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது). கழுத்து என்று தெரிய அதைச் சுற்றி ஒரு ஜாக்கெட் வேண்டும். அப்போதுதான் அளவு நோட்டு ஞாபகத்துக்கு வந்தது.

அம்மா வாடிக்கைக்காரர்களின் அளவுகளை வரி வரியாக எழுதி வைத்திருந்த நோட்டு அது. உயரம் 14, மார்பு 36, இடுப்பு 30, முன்கழுத்து 6½. பெயருக்குப் பதிலாக “மாடி வீடு”, “டீச்சர்”, “பால்காரர் வீடு”. ஒவ்வொரு கழுத்துத் துண்டையும் வேட்டியில் வைத்து, அதற்குரிய அளவில் ஜாக்கெட்டை நிஜ அளவிலேயே சுற்றி வரையச் சொன்னேன். அம்மாவுக்கு ஸ்கேல் தேவைப்படவில்லை. தோள், கைக்குழி, பக்கம், இடுப்பு என்று சாக்பீஸ் நிற்காமல் ஓடியது. ஓரிடத்தில் மட்டும் நிறுத்தி, “இந்த அளவு பழசு, அப்புறம் அவங்க சதை போட்டுட்டாங்க” என்று ஒரு அங்குலம் விட்டு வரைந்தார். மூன்றடி அகலத்தில் முழு அளவு ஜாக்கெட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறத்தான் செய்யும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டு மெஷினைச் சுற்றி நிற்கிற கூட்டம் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் கோடுகள்தான் இப்போது வேட்டி, பெட்ஷீட், பின்துணி என்ற மூன்று அடுக்கையும் பிடித்து நிற்கிற தையல். நூலுக்கு, பழைய துணிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுகிற வங்காளத்துக் காந்தா வேலையைப் பின்பற்றினேன். அங்கே பழைய புடவைக் கரையிலிருந்து நூலை உருவித் தைப்பது வழக்கம். நான் அப்பாவின் வேட்டிக் கரையை வெட்டி எடுத்து, பச்சை இழைகளை ஒவ்வொன்றாக உருவினேன். ஒற்றை இழை அறுந்துவிடுகிறது. இரண்டைச் சேர்த்து மெழுகுவர்த்தியில் இழுத்துக்கொண்டால் சிக்காமல் ஓடுகிறது. தையலை நடுவில் தொடங்கி வெளியே கொண்டுபோனால் சுருக்கம் தங்காமல் ஓரத்துக்குப் போய்விடும். வட கர்நாடகத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான ‘சித்தி’ சமூகப் பெண்கள் இதற்கு நேர்மாறாக, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். போகிற போக்கில் துண்டுகளைச் சேர்த்து மடித்துத் தைக்கிற அவர்களுக்கு அது பொருந்தும். மேல்துணியை முன்பே தைத்து முடித்துவிட்ட எனக்கு நடுவிலிருந்து வருவதுதான் வசதி.

இப்போது பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ஆரம்பத்தில் மாதிரிக்குக் கொஞ்சம் தைத்துத் திருப்பிப் பார்த்தபோதே எதிர்பாராத ஒன்று கிடைத்தது. பின்பக்கம் துண்டுகளே தெரிவதில்லை, பச்சைக் கோட்டில் ஜாக்கெட்டுகள் மட்டும். ஆகவே பின்துணிக்கு அம்மாவின் பூப்போட்ட புடவை என்ற யோசனையை விட்டுவிட்டு, லைனிங் மிச்சத்தில் வெளிர் சந்தன நிறமாகப் பார்த்து இணைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்றால் சுவரில் மாட்டக் கூடாது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் தொங்கவிடலாம் என்றேன். போகும்போதும் வரும்போதும் எண்ணெய்க் கை படும் என்று அம்மா மறுத்துவிட்டார். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு கம்பி போட்டுத் தரக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஏற்றபடி மேல் ஓரத்தில் நான்கு அங்குலத்துக்கு ஒரு பட்டி விட்டுத் தைக்க வேண்டும்.