நோம்பி வரியும் புது வீடுகளும்

6 ஏப்ரல் 2025, ஞாயிறு

மாரியம்மன் நோம்பிக்காக (திருவிழாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) இன்று ஊர்க்கூட்டம். பெண்கள் போய் உட்காரும் வழக்கம் இல்லை. ஆனால் கூட்டம் கலைந்த அரைமணி நேரத்தில் என் மாவு மில்லுக்கு முழு விவரமும் வந்து சேர்ந்துவிடும். 15ஆம் தேதி நோம்பியைத் தொடங்கும் பூச்சாட்டு, 22 கோயில் முன்னால் மரக்கம்பம் நடுதல், 30 மாவிளக்கு ஊர்வலம். தேதியில் சண்டை இல்லை, சண்டை வரியில். நோம்பிச் செலவுக்கு உள்ளூர்க் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி.

கோவைக்குப் பக்கத்தில் கோவில்பாளையத்துக்கும் அன்னூருக்கும் நடுவில், சத்தி ரோட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. சோளக்காடுகள் எல்லாம் வீட்டுமனைச் சைட்டாகிவிட்டன. சரவணம்பட்டி, கீரணத்தம் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், தேனி, மதுரைப் பக்கமிருந்து வந்து வீடு கட்டியவர்கள், ஃபவுண்டரியில் வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். சைட்டிலிருந்து சிலர் கூட்டத்துக்குப் போய், “எங்களிடமும் தலைக்கட்டு வரி வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார்களாம். “நன்கொடையாகக் கொடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள். வரி மட்டும் வேண்டாம்” என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். நன்கொடை கொடுத்தவருக்கு ஒரு துண்டு போர்த்தித் திருநீறு கொடுத்தால் முடிந்தது. வரி கொடுத்தவர் கணக்குக் கேட்பார்.

9 ஏப்ரல், புதன்

பெரியப்பா கொள்ளு அரைக்க வந்தார். “வந்தவர்களால் ஊரே கெட்டுப்போச்சு அம்மணி, குளத்தில் சாக்கடை விடுகிறார்கள்” என்று ஆரம்பித்தார். குளம் அவருக்கு உயிர். என் தாத்தா காலத்திலிருந்து கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்டில்தான் அத்திக்கடவு-அவினாசித் திட்டம் திறக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பவானியின் உபரி நீரைக் குழாயில் ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்கு விடும் திட்டம். அதில் எங்கள் குளமும் ஒன்று. அதில் சாக்கடை கலந்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் அந்தச் சைட்டைக் கல் நட்டு விற்றது யார்? இதே பெரியப்பாதான். அங்கீகாரமும் இல்லை, சாக்கடைக்கு வழியும் இல்லை. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்தலாம் என்று 2017இல் அரசு அறிவித்தபோது, பணம் கட்டி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது வாங்கியவர்கள். விற்றவர் அந்தப் பணத்தில் லைன் வீடு கட்டி வாடகை வாங்குகிறார். இதை முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? கொள்ளுக்கு உரிய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

12 ஏப்ரல், சனி

பீகார்ப் பையன் வறுத்த கொண்டைக்கடலை அரைக்க வந்தான். அவர்கள் ஊரில் ‘சத்து’ என்று சொல்லும் கடலை மாவுக்கு. வெயில் காலத்தில் அதைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போவானாம். அரைத்து முடிந்ததும் மாவைப் பேப்பரில் பரப்பிவிட்டுக் காத்திருந்தான். இங்கே பாதிப் பேருக்கு அந்தப் பொறுமை கிடையாது. சூட்டோடு டப்பாவை மூடி, வியர்த்து மாவு கட்டி தட்டியதும் மிஷினைக் குறை சொல்வார்கள்.

2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின அல்லவா, அப்போது ரயிலேறியவர்களில் இவனும் ஒருவன். பீகாரிலிருந்து அதிகாரிகளே வந்து பார்த்து, பயமில்லை என்று தெரிந்த பிறகுதான் திரும்பி வந்தான். அவன் போனதும் வரிசையில் நின்ற தேனிக்கார அம்மா, “இந்த இந்திக்காரங்க வந்த பிறகு வாடகையெல்லாம் ஏறிப்போச்சுக்கா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் குடிவந்த புதிதில் “தெக்கத்தியார் வந்து வாடகையை ஏற்றிவிட்டார்கள்” என்று இதே வரிசையில் நின்று பேசியவர்களை எனக்குத் தெரியும்.

15 ஏப்ரல், செவ்வாய்

பூச்சாட்டு முடிந்தது. சைட்டுக்காரர்களிடம் வரி வாங்கலாம் என்று முடிவாகிவிட்டது. பந்தல், மைக் செட், அன்னதானம் எல்லாமே விலை ஏறிவிட்டதால் மனம் மாறியிருக்கிறார்கள், பெருந்தன்மையால் அல்ல.

முடிவைச் சொன்னதும் மேற்குத் தெருவிலிருந்து வந்திருந்த பெரியவர் எழுந்து, “எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறோம். எங்களிடம் இதுவரை வரி கேட்டதில்லை. நேற்று வந்தவருக்கு உண்டு என்றால் எங்களுக்கு?” என்றாராம். நோம்பிக்குப் பறை அடிப்பது அந்தத் தெருதான். யாரும் பதில் சொல்லவில்லை. “அடுத்த வருசம் பேசிக்கொள்ளலாம்” என்று ஒருவர் துண்டை உதறி எழுந்ததும் கூட்டம் முடிந்துவிட்டது.

உள்ளூர், வெளியூர் என்று நாங்கள் போடும் கணக்கில் மேற்குத் தெரு எந்தப் பக்கம் என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

23 ஏப்ரல், புதன்

நேற்று இரவு கம்பம் நட்டாயிற்று. இனி நோம்பி முடியும்வரை உள்ளூர்க்காரர்கள் இரவு வெளியூரில் தங்கக் கூடாது. என் மகனுக்கோ சரவணம்பட்டியில் இரவுப் பணி. “அவன் அங்கே தங்கவா செய்கிறான், வேலைதானே பார்க்கிறான்” என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பதினொரு மணிக்குப் போலீஸ் வந்தது. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்று அடுக்குமாடியிலிருந்து யாரோ போன் செய்திருக்கிறார்கள். சட்டம் அதுதான், மறுக்க முடியாது. ஆனாலும் கீழே இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இளவட்டங்கள் கொதித்தார்கள். மைக் செட்டை நிறுத்திவிட்டு வெறும் பறைக்குக் கம்பத்தைச் சுற்றி ஆடினார்கள். அடி விழுவது காலில் தெரிந்தது. சினிமாப் பாட்டு இல்லாத ஆட்டத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

இன்று விடிகாலை கம்பத்துக்கு மஞ்சள் நீர் ஊற்றப் போனால், தேனிக்கார அம்மா எனக்கு முன்பே குடத்தோடு நின்றார். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வரி ரசீது கேட்பார் இல்லை.

29 ஏப்ரல், செவ்வாய்

மதியத்துக்கு மேல் மாவிளக்கு மாவு தவிர வேறு எதுவும் அரைக்கவில்லை. மிஷினைக் கழற்றித் துடைத்து, ஒரு பிடி பச்சரிசியை ஓட்டித் தள்ளிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். சைட்டுப் பெண்களும் ஊறவைத்து உலர்த்திய அரிசியோடு வந்துவிட்டார்கள். ஊர்வலத்தில் யார் முன்னால், யார் பின்னால் என்று கேட்டார்கள். கோயிலில் பரம்பரை உரிமை உள்ள முறைக்காரர்கள் முன்னால், நீங்கள் கடைசியில் என்றேன். ஒருத்தி முகம் சுருங்கியது. மற்றவர்கள் சரி என்றார்கள்.

1 மே, வியாழன்

மாவிளக்கும் மஞ்சள் நீராட்டும் நல்லபடியாக முடிந்தன. சைட்டுக்காரர்கள் இரண்டே நாள் பொறுத்து வரவு செலவு கேட்பார்கள் என்று பெரியப்பா எதிர்பார்த்தார். இன்றே கேட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கணக்கு வாசிப்பதாக ஊர்ப் பெரியவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு நினைவு தெரிந்து இதுவே முதல் தடவை. நானும் போகிறேன். தேனிக்கார அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார். மேற்குத் தெரு விஷயத்தை யாரும் எடுக்காவிட்டால் நான் எடுப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மாமியார் இதுவரை தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.