42 எந்திரம், ஒரு ஓட்டு

“பேர் போகாதுன்னா, அப்புறம் பசங்ககிட்ட சொல்றதுல என்ன சார் கஷ்டம்?”

எங்கள் கல்லூரிக் கணினி லேபிலிருந்து வாராவாரம் வெளியே போகும் ஒரு ரிப்போர்ட்டில் யார் பேரும் போகாது என்று நான் சொன்னதற்கு இப்படிக் கேட்டவர், லேபில் எனக்கு உதவியாக வந்து மூன்று மாதம்கூட ஆகாதவர். நான் சொன்ன பதில், “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா, முதல்ல ரிப்போர்ட் ஏன் போகலைன்னு பாரு.” ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த ‘அப்புறம்’ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

விஷயம் பாப்கான், எந்த மென்பொருளுக்கு எவ்வளவு புழக்கம் என்று டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்காகக் கணக்கெடுக்கும் நிரல். டெபியன் நிறுவியவர்களுக்குத் தெரியும். எந்தெந்த பேக்கேஜ் (மென்பொருள் பொதி) இருக்கிறது, எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற விவரத்தை வாரம் ஒருமுறை அனுப்பலாமா என்று நடுவில் ஒரு கேள்வி வரும். ‘நோ’தான் தேர்வாகி நிற்கும், வேண்டுமென்றால் நாம்தான் ‘யெஸ்’ஸுக்குப் போக வேண்டும். நிறுவல் சிடியின் முதல் தட்டில் எதை வைப்பது என்பது போன்ற முடிவுகளுக்கு இந்தக் கணக்கு உதவும். லேப் இமேஜ், அதாவது எல்லா எந்திரத்திலும் போடும் மாதிரி நகல், செய்தபோது நான் ‘யெஸ்’ போட்டேன். தமிழ் சம்பந்தமான பேக்கேஜ்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கூச்சம் வரும். நம் லேபில் மட்டும் 42 எந்திரம் இருக்கிறதே, அதுவாவது கணக்கில் ஏறட்டும் என்ற ஆசை. தப்பான ஆசை என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ரிப்போர்ட் ஒழுங்காகப் போனால்தானே? சில வாரம் போகும், சில வாரம் போகாது. அதைத் துருவ ஆரம்பித்தோம்.

முதல் கோளாறு நானே செய்தது. ஒரு எந்திரத்தில் எல்லாவற்றையும் நிறுவி, அதைக் குளோன் எடுத்து மற்ற 41லும் போட்டிருந்தேன். பாப்கான் நிறுவும்போதே 32 எழுத்தில் ஒரு ஹோஸ்ட் ஐடியை (எந்திரத்தின் அடையாளம்) தாறுமாறாக உருவாக்கி, தன் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். வாரத்தில் எந்த நாள் அனுப்புவது என்பதையும் அப்போதே சீட்டுக் குலுக்குவதுபோல் எடுத்துக்கொள்ளும். குளோனில் இரண்டுமே அச்சாக அப்படியே வந்துவிட்டன. 42 எந்திரமும் ஒரே கிழமையில், ஒரே ஐடியில் அனுப்பும். ஒரே ஐடியில் வந்தால் புதியது பழையதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஊரே வரிசையில் நின்று, எல்லார் கையிலும் ஒரே வாக்காளர் அட்டை இருந்தால் எப்படி? கள்ள ஓட்டைத் தலைகீழாகப் போட்ட மாதிரி, 42 பேருக்கு ஒரு ஓட்டு.

இரண்டாவது கிரான், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல். லேபைப் பூட்டியபின் மின்சாரத்தையே நிறுத்திவிடுவோம். குறித்த நேரத்தில் எந்திரம் அணைந்திருந்தால் கிரான் அந்த வேலையை மறந்துவிடும். விட்டுப்போனதைத் தேடிச் செய்ய அனக்ரான் வேண்டும். இமேஜைச் சின்னதாக்குகிறேன் என்று அதைக் கழற்றியவனும் நான்தான். மூன்றாவது, எல்லாருக்கும் பழகிய கதை: கையால் ஓட்டினால் போகிறது, கிரான் ஓட்டினால் போவதில்லை. நாம் கட்டளை தட்டும் ஷெல்லில் இருக்கும் ப்ராக்ஸி முகவரி (இணையத்துக்குப் போகும் இடைவழி) கிரானுக்குத் தெரியாது. இதைக் கண்டுபிடித்தது என் உதவியாளர்தான். அரை நாளில் முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

நாலாவதை நான் தனியாகப் பார்த்தேன், அவரிடம் சொல்லவில்லை. பாப்கான் கணக்கில் ‘நிறுவப்பட்டது’ வேறு, ‘ஓட்டு’ வேறு. பேக்கேஜில் உள்ள நிரல் கோப்பை கடைசியாக எப்போது தொட்டார்கள் என்ற நேரத்தைப் பார்த்து, ஒரு மாதத்துக்குள் என்றால் ஓட்டு, இல்லையென்றால் ‘ஓல்ட்’ என்று முத்திரை. வட்டு வேகத்துக்காக நான் வட்டின் எல்லாப் பகுதியையும் ‘நோ ஏடைம்’ என்ற அமைப்போடு மவுன்ட் செய்திருந்தேன் (இணைத்திருந்தேன்). அப்படிச் செய்தால் கோப்பைத் தொட்ட நேரம் பதிவாகவே ஆகாது. லினக்ஸில் 2009 முதல் வழக்கமாக இருக்கும் ‘ரெலடைம்’ போதும்; ஒரு நாளுக்கு மேல் பழசானால் நேரத்தைப் புதுப்பித்துவிடும், மாதக் கணக்குக்கு அது தாராளம். நான்தான் அதிபுத்திசாலித்தனமாக ஒரு படி மேலே போயிருந்தேன்.

எழுத்துருக்களுக்கு அந்த ஓட்டும் இல்லை. பேக்கேஜில் ஓட்டுவதற்கென்று நிரல் எதுவும் இல்லாவிட்டால் ‘நோ ஃபைல்ஸ்’ என்று தள்ளி வைத்துவிடும். நாள் முழுக்கத் தமிழில் படிப்பவர் கணக்கில் வரவே மாட்டார். உள்ளீட்டுக்கான ஐபஸ் நேர்மாறு. டெஸ்க்டாப் திறந்ததுமே தானாக ஓட ஆரம்பிப்பதால், ஒரு ‘அ’கூடத் தட்டாமல் ஓட்டு விழும். எதை அளக்கிறோம் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் சரிசெய்தோம். ஹோஸ்ட் ஐடியை அழித்து ஒவ்வொன்றுக்கும் புதிதாக உருவாக்கினோம், அனக்ரானைத் திரும்பக் கொண்டுவந்தோம், ப்ராக்ஸியைக் கான்ஃபிக்கிலேயே எழுதினோம். அந்த வாரம் 42ம் போயின. நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலையில் அவர் என் மேசைக்கு வந்து லாக் கோப்பைத் திறந்து காட்டினார். ஒரு வரிக்கு ஒரு பேக்கேஜ். முன்னால் இரண்டு நீண்ட எண்கள்; 1970இலிருந்து எண்ணிய விநாடிகளாக எழுதிய நேரங்கள், அந்தரங்கத்துக்காக 12 மணி நேரத் துண்டுகளாக முழுதாக்கியவை. அப்புறம் பேக்கேஜின் பெயர், நிரலின் பாதை, முத்திரை. கீழே இறங்கி ஒரு வரியில் விரலை வைத்தார். எங்கள் தேர்வு மென்பொருள். பேக்கேஜாகக் கட்டியவன் நான். பெயர் வைத்தவனும் நான்: கல்லூரியின் சுருக்கப் பெயர், துறையின் பெயர், அப்புறம் ‘எக்ஸாம்’.

“பேர் போகாதுன்னீங்களே சார்.”

“பசங்க பேரைச் சொன்னேம்மா. இது...”

முடிக்கவில்லை. எந்திரத்தில் இருக்கும் எல்லா பேக்கேஜும்தான் போகும், டெபியனுடையது மட்டும் என்று வடிகட்டுவதில்லை. அது எனக்குத் தெரிந்ததுதான். டெபியனில் இல்லாத பேக்கேஜ்களுக்கு அந்தத் தளத்தில் தனிப் பட்டியலே உண்டு என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை, அவ்வளவுதான். கோளாறு இருந்தவரை அந்தப் பெயர் கணக்கில் ஒன்றாக இருந்திருக்கும். நாங்கள் இரண்டு வாரம் உட்கார்ந்து சரிசெய்ததில் 42 ஆகியிருக்கும். எங்கள் லேபில் எத்தனை எந்திரம் என்பதைத் துல்லியமாக நானே ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்குள் பலமுறை வாதாடிவிட்டேன். எந்த மாணவரின் கோப்பும் போகவில்லை. ரிப்போர்ட் ஜிபிஜியில் மறையாக்கப்பட்டுத்தான் போகிறது. ஒரு கல்லூரி லேபில் தேர்வு மென்பொருள் இருப்பது ராணுவ ரகசியமும் கிடையாது. இந்த வாதத்தில் ஒரு ஓட்டையும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவரும் மறுக்கவில்லை. அவர் கேட்டது வேறு: ‘நோ’ என்று நின்றதை ‘யெஸ்’ ஆக்கியது யார், யாரைக் கேட்டு?

எந்திரங்கள் கல்லூரியுடையவை, அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை, அந்த வகையில் என்னிடம் கேட்டால் போதும் என்று சொல்லலாம். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் தனியார் செயலி ஏதாவது இதையே செய்திருந்தால் நான் என்ன குதி குதித்திருப்பேன் என்பது அவருக்கும் தெரியும். வகுப்பிலேயே பேசியிருக்கிறேன். கட்டற்ற மென்பொருள் என்பதால் எனக்கு ஒரு சலுகை இருப்பதாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

அன்று நான் செய்தது, தேர்வு பேக்கேஜுக்குப் பொதுவான வேறு பெயர் வைத்தது. “அப்ப யெஸ் அப்படியே இருக்கட்டுமா சார்?” என்றார். “இருக்கட்டும்” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விடுமுறையில் புது இமேஜ் செய்தோம். அந்தக் கேள்வி வந்தபோது அவர் பக்கத்தில்தான் இருந்தார், திரையைப் பார்க்காமல் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார். ‘நோ’ நின்றது. என்டர் தட்டினேன். அவர் சொன்னதை ஒப்புக்கொண்டதால் என்று சொல்ல ஆசைதான். ஆனால் தாள் அடித்து ஒட்டி, முதல்வரிடம் ஒரு வார்த்தை கேட்டு ‘யெஸ்’ போடவும் வழி இருந்தது. அதற்கு நான் மெனக்கெடவில்லை. மறுபடி 42 எந்திரத்தின் ஐடியை அழித்துத் திரும்ப எழுதும் வேலை மிச்சம் என்ற கணக்கும் உள்ளே ஓடியது.

வீட்டு லேப்டாப்பில் மட்டும் ‘யெஸ்’. அதில் ‘நோ ஏடைம்’ இன்னும் அப்படியே இருக்கிறது. என் ரிப்போர்ட்டில் தினமும் தமிழ் தட்டும் ஐபஸ்ஸுக்குப் பக்கத்தில் ‘ஓல்ட்’ என்றுதான் போகிறது. இரண்டு நிமிட வேலை. இந்த வாரமாவது மாற்ற வேண்டும்.